டோர்வார்ட் என்று கத்தமாட்டேன்

எங்கள் பயிற்சியாளரை எனக்குப் பிடிக்காமல் போனது முதல் நாளிலேயே. பிறகு நடந்தவை அந்த முடிவுக்கு ஆதாரம் சேர்த்தன, அவ்வளவுதான்.

நான் அப்போது ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு சிறிய கால்பந்துக் கழகத்தின் பெண்கள் அணியில் கோல்காப்பாளராக இருந்தேன். மைதானம் ரயில் பாதைக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்தது. பந்து வேலியைத் தாண்டினால் யாருடைய தக்காளிப் பாத்தியிலாவது விழும். மன்னிப்புக் கேட்டுத்தான் எடுத்து வர வேண்டும். வார நாள்களில் தொழிற்சாலைகளின் இரைச்சலை அளக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவும் அப்பாவும் ஹம் நகரத்தில். ஞாயிறுகளில் அந்தக் கோல் என்னுடையது. பல ஆண்டுகளாக அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

புதிய பயிற்சியாளர் ஜப்பானியர், அதுவும் முன்னாள் கோல்காப்பாளர் என்று கேள்விப்பட்டபோது மற்றவர்கள் என்னை வாழ்த்தினார்கள். கோல்காப்பாளரின் கஷ்டம் கோல்காப்பாளருக்குத்தானே தெரியும் என்றார்கள். அமைதியான ஒருவர் வருவார் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண் என்பதால் நான் அடக்கமானவள் என்றும் இதே ஆட்கள்தான் முடிவு செய்திருந்தார்கள்.

வந்தவர் அமைதியானவர் அல்ல. ரைன் கரைக்காரர்களைப் போலவே ஜேர்மன் பேசினார், அவர்களைப் போலவே குத்தலாக நகைச்சுவை செய்தார். பச்சை இறைச்சி தடவிய பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டே முதல் பயிற்சியைப் பார்த்தார். முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கூப்பிட்டார்.

"நீ லேயோ என்று கத்துகிறாய். யார் அந்த லேயோ? உன் காதலனா?"

சிரிப்பு எழுந்தது. அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்த நாட்டின் சிறு மைதானங்களில் பந்து எனக்கு, நீ விலகு என்பதற்கு 'லேயோ' என்று கத்துவது வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எதிரணியை ஏமாற்றக் கத்தியதாக எடுத்துக்கொண்டு சில நடுவர்கள் அதற்கு விசில் ஊதுவார்கள் என்பதும் உண்மை.

"இனிமேல் கோல்காப்பாளர் ஒரே ஒரு சொல்தான் சொல்லுவாள். டோர்வார்ட்."

ஜேர்மன் மொழியில் டோர்வார்ட் என்றால் கோல்காப்பாளர். என் வேலையின் பெயரை நானே கத்த வேண்டும்.

இரைச்சலை அளப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. அதை மரியாதையாகவே சொன்னேன். அந்தச் சொல் மூடிய மெய்யில் முடிகிறது, திறந்தவெளியில் அதன் கடைசிப் பகுதி கேட்காது, காற்றடித்தால் முதல் பகுதியும் போய்விடும், உயிரொலியில் முடியும் சொல்தான் தூரம் போகும் என்றேன். அவர் பாணை மென்று விழுங்கினார்.

"நன்றி, பொறியியலாளர் அம்மா. டோர்வார்ட்."

அன்றிலிருந்து என் பெயர் அதுதான். பொறியியலாளர் அம்மா இடது பக்கம் நகர்வாரா, பொறியியலாளர் அம்மா இன்று காற்றை அளந்துவிட்டாரா என்று. பயிற்சியின் முடிவில் மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு வெறும் மைதானத்தைப் பார்த்து அந்தச் சொல்லை நான் கத்த வேண்டும். அவர் நடுக்கோட்டில் நின்று காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையசைப்பார். தோட்டத்துக் கிழவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

எதிரியைப் பற்றித் தெரிந்துகொள்வது என் பழக்கம். அவருடைய தொழில் வாழ்க்கையை இணையத்திலிருந்தும் கழகத்துப் பழைய ஆட்களிடமிருந்தும் சேகரித்தேன். ஜப்பானில் ஒரு துறைமுக நகரத்தில் பள்ளிக்கூட அணி. இருபது வயதை ஒட்டி இங்கே வந்து ரூர் பகுதியில் ஒரு தாழ்ந்த பிரிவுக் கழகம். பிறகு ஒரு பெரிய கழகத்தில் மூன்றாவது கோல்காப்பாளர். ஒவ்வோர் ஆண்டும் அணிப் படத்தில் பின்வரிசையின் ஓரத்தில், கையுறை மாட்டியபடி நின்றார். ஒவ்வோர் ஆண்டும் படத்துக்கு நின்றதோடு அவர் வேலை முடிந்தது. முழங்கால் போன பிறகு கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சியாளர் உரிமம் எடுத்து ஓர் ஆண்கள் அணிக்குப் போனார். இலை உதிர்ந்து முடிவதற்குள் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நாங்கள்.

பெரிய கழகத்தில் அவர் களமிறங்கியது ஒரே ஒரு ஆட்டத்தில். அதன் துண்டுப் படம் ஒன்று கிடைத்தது. உயரமான பந்து ஒன்று வருகிறது. இளைஞராக இருக்கும் அவர் கோலை விட்டு வெளியே ஓடி வருகிறார், வாய் திறந்திருக்கிறது. அவருடைய பின்கள வீரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தானும் குதிக்கிறார். இருவரும் மோதி விழுகிறார்கள். பந்து வெறும் வலைக்குள் உருள்கிறது. பின்கள வீரர் எழுந்து அவரைப் பார்த்துக் கைகளை விரிக்கிறார். அந்தத் துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் என்ன கத்தினார், எந்த மொழியில் கத்தினார் என்று உதட்டசைவில் கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. இரக்கம் வரவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

குளிர்கால இடைவேளைக்குப் பிறகு அணிக்கு ஒரு புதிய நடுப் பின்களக்காரி வந்தாள். திருநெல்வேலிக்காரி. மென்பொருள் வேலைக்காக டுசல்டோர்ஃபுக்கு வந்தவள், என்னைவிடச் சில வயது மூத்தவள். ஜேர்மன் மொழி அவளுக்கு இன்னும் யோசித்துத்தான் வரும். பந்து யோசிக்க நேரம் தராது. ஆகவே எங்களுக்குள் தமிழ்தான். அது என்ன மொழி என்று கேட்டவர்களிடம் உலகின் மிகப் பழைய மொழி என்று இருவரும் பெருமை அடித்தோம். எதிரணிக்கு ஒன்றும் புரியாது என்பது கூடுதல் வசதி. பயிற்சியாளருக்கும் புரியாது என்பது அதைவிடப் பெரிய வசதி.

முதல் பயிற்சியில் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கியபோது, "அக்கா, விடுங்கோ!" என்று கத்தினேன். அவள் சிரித்தே விட்டாள்.

"ஏய், எனக்குப் பின்னாடி நின்னு இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் பேசினதில்லப்பா. அக்கா வேற! என்னய கிழவி ஆக்கிட்ட."

"மூத்த ஆக்களை அப்பிடித்தான் கூப்பிடுறது."

"நீ 'ங்கோ' சொல்லி முடிக்குறதுக்குள்ள பந்து வலைக்குள்ள போய்த் தூங்கிரும். விடுன்னு சொல்லு, போதும்."

சொன்னேன். மூத்தவளை ஒருமையில் அழைக்க நாக்குக் கூசியது, ஆனால் பழகியது. பயிற்சியில் எல்லாம் சரியாகவே நடந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கும் தூரத்தில் நின்றாள் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு ஒரு மழை ஞாயிறு. எங்களைவிட ஒரு படி மேலே இருந்த அணியுடன் ஆட்டம், சமநிலை. நீண்ட பந்து ஒன்று எங்கள் பெட்டிக்குள் வந்தது. அவள் என்பக்கம் முகத்தைத் திருப்பி ஓடி வருகிறாள், ஆனால் கண் பந்தில். பந்து நேராக என் கைக்கு வந்துகொண்டிருந்தது. நான் வெளியே ஓடி, "விடு!" என்று கத்தினேன்.

அவள் விட்டாள். ஓங்கி ஒன்று விட்டாள். பந்து என் காதை உரசிக்கொண்டு எங்கள் வலையின் மேல் மூலையில் போய் மாட்டியது. அந்தப் பருவத்தில் எங்கள் அணி அடித்த மிக அழகான கோல் அதுதான்.

உடை மாற்றும் அறையில் ஈரச் சப்பாத்துகளோடு நின்று நாங்கள் சண்டை பிடித்தோம்.

"நீதானடி விடுன்னு கத்துன! ஓங்கி ஒண்ணு விடுன்னு சொல்றேன்னு நினைச்சேன்!"

"எங்கட கோலுக்குள்ள அடிக்கச் சொல்லுவனே அக்கா? விடு எண்டா விடுறது! தொடாமல் விடுறது!"

"நான் வெளியதான் அடிக்கப் போனேன், ஈரத்துல சறுக்கிருச்சு. எங்க ஊர்ல விடுன்னா அடின்னும் அர்த்தம். பட்டம் விடுறது, ராக்கெட் விடுறது, அறை விடுறது…"

"அந்தக் கடைசி விடுறதைத்தான் நான் இப்ப உங்களுக்கு…"

"விடு பாப்போம்! விடேன்!"

மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவில் பயிற்சியாளர் நின்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். திருநெல்வேலிக்காரி நேர்மையானவள், தொடாதே என்றும் பொருள், அடி என்றும் பொருள், இடத்தைப் பொறுத்தது என்று தன் உடைந்த ஜேர்மனில் விளக்கினாள்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மிகப் பழைய மொழி என்று பெருமை அடித்தீர்களே, இத்தனை காலத்தில் இதற்கு ஒரு தனிச் சொல் கிடைக்கவில்லையா?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொறியியலாளர் அம்மா அடுத்த ஞாயிறு உட்கார்ந்திருப்பார்."

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்ததும் உட்கார்ந்திருந்தேன். என் இடத்தில் இரண்டாவது கோல்காப்பாளர் நின்றாள். நல்ல பிள்ளை, பள்ளி ஆசிரியை, சொன்ன சொல்லை அப்படியே கத்துவாள். கத்திவிட்டுப் பந்தைத் தவறவிடுவாள். என் இடம் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தவிர அந்த வாரங்களில் எனக்கு வேறு சிந்தனை இல்லை. வேலையில் அழுத்த இயந்திரங்களின் பக்கத்தில் ஒலிமானியோடு நிற்கும்போதும் அதுதான் மனதில்.

திருநெல்வேலிக்காரி சமாதானம் பேச வந்தாள்.

"எப்படி இருக்க?"

"எப்பிடி இருக்கிறது? வாங்கிலதான் இருக்கிறன்."

"என்ன வாங்கின?"

"ஒண்டும் வாங்கேல்லை. வாங்கு, வாங்கு! இருக்கிற வாங்கு!"

"பெஞ்சா? அட கடவுளே. நாம ரெண்டு பேரும் ஜேர்மன்லயே சண்டை போட்டிருக்கலாம்."

அதில் கோபம் போய்விட்டது. அவள் மேல் இருந்த கோபம் மட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து அவர் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்னை எப்போது திரும்ப எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"டோர்வார்ட் என்று கத்தும்போது."

"அந்தச் சொல் தூரம் போகாது என்று காரணத்தோடு சொன்னேன்."

"நான் ஆண்டுக்கணக்காக அதைக் கத்தியிருக்கிறேன். எல்லோருக்கும் கேட்டது."

"நீங்கள் ஆண்டுக்கணக்காக வாங்கில் இருந்தீர்கள்," என்றேன். "யாருக்குக் கேட்டது? தண்ணீர்ப் போத்தல்களுக்கா?"

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அவர் கையில் இருந்த பந்தைப் பைக்குள் போட்டார். அடுத்த பந்தையும் போட்டார்.

"சரியாகத் தேடியிருக்கிறாய். அப்படியானால் அந்த ஆட்டத்தையும் பார்த்திருப்பாய்."

"பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

காலடியில் கிடந்த பந்து ஒன்றை அவர் பக்கம் உருட்டிவிட்டேன்.

"உன் தோழிக்குக் காலில் அடிபட்டு வெளியே போனால், உன் பழைய மொழியை யாரிடம் பேசுவாய்? வலது பின்களக்காரியிடமா? அவள் ஜேர்மன் மொழியே ஒழுங்காகக் கேட்பதில்லை." பையைத் தோளில் போட்டார். "விளக்கை அணைத்துவிட்டுப் போ."

அந்தக் கேள்வி நியாயமானது என்று ரயிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நியாயமான கேள்வியை வெறுப்பான ஆள் கேட்டால், அதற்கு அவர் எதிர்பார்க்காத விடையைக் கொடுப்பதுதான் ஒரே வழி.

நானும் திருநெல்வேலிக்காரியும் சொற்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். 'தொடாதே' நீளம். 'வேண்டாம்' என்பது இரைச்சலில் 'வேணும்' என்று கேட்கும். 'என்ர' என்றால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. 'என்னோடது' என்று சொல்லி முடிக்க எனக்கு மூச்சு இல்லை. 'நில்' என்று மொட்டையாக முடிவது டோர்வார்ட்டை விட மோசம். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"சும்மா."

"என்ன சும்மா?"

"அதான். சும்மா இருன்னா உங்க ஊர்லயும் ஒண்ணும் செய்யாம இருன்னுதானே?"

ஓம். யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் சும்மா சும்மாதான். நடுவில் மூக்கில் நின்று முழங்கி, நெடிய 'ஆ'வில் வாய் திறந்து முடிகிறது. வீட்டு மாடத்திலிருந்து அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். தெரு முனையில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. எதிர்மாடத்து ஜேர்மன்காரருக்கும் கேட்டது, அவர் ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு மற்ற பின்களக்காரிகளைக் கூப்பிட்டோம். அவர்களுக்கும் அவருடைய குத்தல்கள் அலுத்திருந்தன. சனிக்கிழமைகளில் ரைன் கரைப் புல்வெளியில், ஆடு மேய்க்கிறவர்களும் நாய் நடத்துகிறவர்களும் பார்க்க, நான் "சும்மா!" என்று கத்துவேன், நாலு பேரும் சட்டென்று குனிவார்கள். வலது பின்களக்காரி அந்தச் சொல்லை விரும்பிவிட்டாள். அவளுடைய கணவர் குப்பையை வெளியே வைக்க மறந்தபோதும் "சும்மா!" என்று திட்டியதாகச் சொன்னாள். பொருள் கொஞ்சம் பிசகியிருந்தது. திருத்தவில்லை.

இதற்கிடையில் பள்ளி ஆசிரியை இரண்டு ஆட்டங்களைக் கைநழுவ விட்டாள். கடைசி ஆட்டத்தில் சமநிலையாவது எடுக்காவிட்டால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் என்ற நிலை. வியாழக்கிழமை அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஞாயிறு நீ. ஜேர்மன் மொழியில்."

"யா, யா," என்றேன். ஒரு யா என்றால் ஆம்; இரண்டு யா என்றால் நீ சொல்லிக்கொண்டே இரு என்று பொருள்.

"நான் இந்த நாட்டுக்கு நேற்று வரவில்லை," என்றார். "இரண்டு தடவை யா சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்." ஆனாலும் ஆட்டக்காரர் பட்டியலை மாற்றவில்லை.

அந்த ஞாயிறுதான் ஹம்மின் ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோவிலில் தேர். அம்மா தொலைபேசியில் விடவில்லை.

"என்ன பிள்ளை, தேரண்டைக்கும் நிக்க மாட்டியோ? எல்லாரும் கேப்பினம்."

"ஏலாதம்மா. கடைசி மேட்ச்."

"உன்னை வாங்கில இருத்திப்போட்டான் எண்டு சொன்னனி. வாங்கில இருக்கிறதுக்கு ஆள் தேவையோ?"

"இந்த முறை நான் விளையாடுறன்."

"அந்த யப்பான்காரன் மனம் மாறிட்டானோ?"

"இல்லை. மற்றப் பிள்ளை கோலுகளை விட்டிட்டாள்."

"அப்ப நல்லது," என்றார் அம்மா. உடனே, "சீ, அப்பிடிச் சொல்லக் கூடாது. கோவில்ல நிண்டுகொண்டு என்ன கதை கதைக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

வெயில் கொளுத்தியது. எதிரணிக்கு வெற்றி தேவையில்லை, ஆனாலும் அவர்கள் எங்களை இறக்கிவிடும் ஆசையோடு ஆடினார்கள். முதல் பாதியில் ஒருமுறை "சும்மா!" என்றேன்; திருநெல்வேலிக்காரி குனிந்தாள், பந்து என் கையில். எல்லைக்கோட்டில் நின்ற பயிற்சியாளரின் தலை என் பக்கம் திரும்பியது. இரண்டாம் பாதியில் அவளுடைய கணுக்கால் பிரண்டு, அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். அவள் வாங்கில் உட்கார்ந்தாள், சரியாக அவருக்குப் பக்கத்தில். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இனி யாரிடம் பேசுவாய் என்று கேட்கும் பார்வை அது.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிவை நெருங்கியபோது அவர்களுக்கு ஒரு மூலை உதை. பந்து உயர்ந்து, காற்றில் உள்ளே வளைந்தது. எதிரணியின் உயரமான முன்களக்காரியும் எங்கள் வலது பின்களக்காரியும் ஒன்றாகக் குதிக்கத் தயாரானார்கள். நான் வெளியே வந்தேன்.

"சும்மாஆ!"

வலது பின்களக்காரி விழுந்தாள் என்றே சொல்ல வேண்டும், அத்தனை வேகமாகக் குனிந்தாள். மற்ற இரண்டு பின்களக்காரிகளும் குனிந்தார்கள். பள்ளி ஆசிரியை வாங்கிலிருந்தபடியே குனிந்ததாகப் பிறகு சொன்னார்கள். திறந்த வெளியில் பந்து வந்து என் கைகளில் உட்கார்ந்தது. கொஞ்சம் பொறுத்து ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. நாங்கள் இறங்கவில்லை.

எல்லோரும் நடு மைதானத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். நான் கோல் வாயிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். அவர் அவர்களைத் தாண்டி என்னிடம் நடந்து வந்தார்.

"நான் போகிறேன்," என்றார். "ஆண்கள் அணி, இரண்டு பிரிவு மேலே. நாளை சொல்லிவிடுவார்கள்."

வாழ்த்துகள் என்றேன். நாங்கள் இறங்காவிட்டால்தான் அந்த வேலை என்று பேசியிருப்பார்கள், அதைக் காப்பாற்றிக் கொடுத்தது என் சொல்தான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"நிர்வாகம் அடுத்த பருவத்துக்குப் பரிந்துரை கேட்டது. முதல் கோல்காப்பாளராகப் பள்ளி ஆசிரியையைச் சொல்லியிருக்கிறேன். உன்னை இரண்டாவதாக."

"இன்று நான் கோல் விடவில்லை."

"இல்லை."

"எல்லோருக்கும் நான் சொன்னது கேட்டது."

"கேட்டது. எனக்கும் கேட்டது. நல்ல சொல்." அவர் வலையைப் பார்த்தார். "நான் ஒன்று சொன்னேன், நீ வேறொன்று செய்தாய். அடுத்து வருபவருக்கும் அதையே செய்வாய்."

"நீங்கள்தான் இங்கே இருக்கப் போவதில்லையே. உங்களுக்கு அதில் என்ன?"

"ஒன்றுமில்லை," என்றார்.

ஒன்றுமில்லை என்பதற்காக என் இடத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தார். அவர் சொன்னபடியே நிர்வாகமும் செய்தது. பெரிய இடத்துக்குப் போகிறவரின் வார்த்தைக்கு அங்கே மதிப்பு அதிகம். நான் இப்போது ஹம்முக்குப் பக்கத்தில் ஒரு பிரிவு கீழே விளையாடுகிறேன். ஞாயிறு மாலை கைபேசியில் முதலில் பார்ப்பது எங்கள் அட்டவணையை அல்ல; அவருடைய அணி தோற்றதா என்பதை.

அன்று போகுமுன் அவர் கையை நீட்டினார். கோல்காப்பாளர்கள் கை கொடுக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்போம். அது எங்களுக்குள் மரியாதை, எந்த நாட்டிலும். நான் கழற்றாமல் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்து, புரட்டி, விரல் நுனியை அழுத்திப் பார்த்தார்.

"ஓர் அளவு பெரிது. சிறியதாக வாங்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பருவத்துக்கு நான் புதிதாக எடுத்த கையுறைச் சோடியும் அதே பெரிய அளவுதான்.